வவ்வாலைக் காதால் காட்டுங்கள்

கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம் என்று எந்த ஊர் நூலகமாக இருந்தாலும் சரி, கதை கேட்க வந்து உட்காரும் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளிடம் "வவ்வால் தெரியுமா?" என்று ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ரத்தம் குடிக்கும், கண்ணு தெரியாது, முடியில மாட்டுனா மொட்டைதான் போடணும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாம் வீட்டுப் பெரியவர்கள் கொடுத்தனுப்பிய சரக்கு. ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டிருந்தால் கதை நேரம் அதிலேயே போய்விடும். ரத்தம் குடிக்கிற வவ்வால் உலகத்திலேயே மூன்று இனம்தான், அவையும் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரைதான், நம்ம பக்கம் கிடையாது என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்.

அடுத்ததாக எல்லோரும் படம் காட்டுவார்கள். பல் தெரிய, மூக்கு மடங்கிய அந்த முகத்தைப் பெரிதாகப் பார்த்ததும் கடைசி வரிசைப் பிள்ளை அழ ஆரம்பிக்கும். முதலில் படம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பூச்சி பிடிக்கும் வவ்வால் இருட்டில் காதை வைத்துப் பிழைக்கிற பிராணி, அதனால் பிள்ளைகளுக்கும் அதைக் காது வழியாகவே அறிமுகப்படுத்தலாம்.

ஒரு பிள்ளையின் கண்ணைத் துண்டால் கட்டி நடுவில் நிறுத்துங்கள், அதுதான் வவ்வால். சுற்றி நாலைந்து விட்டில் பூச்சிகள். வவ்வால் "எங்கே?" என்று கத்தியதும் பூச்சிகள் அந்த நொடியே "இங்கே!" என்று சொல்லியாக வேண்டும், சத்தம் வந்த பக்கம் பாய்ந்து பிடிக்க வேண்டும். கிட்டே நெருங்க நெருங்க, யாரும் சொல்லித்தராமலே பிள்ளை "எங்கே எங்கே எங்கே" என்று அவசரப்படுவதைக் கவனியுங்கள், நிஜ வவ்வாலும் அதைத்தான் செய்கிறது. தேடும்போது நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை குரல் விடுவது, பூச்சியை எட்டிப் பிடிக்கும் கடைசிக் கணத்தில் 200 வரை போகும்.

இந்த விளையாட்டில் ஒரு ஓட்டை உண்டு, அதைக் கண்டுபிடிக்க ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும்: "பூச்சி ஏன் பதில் சொல்லுது? பேசாம இருந்தா தப்பிச்சிடலாம்ல?" சரியான கேள்வி. பூச்சி வாயே திறப்பதில்லை, வவ்வாலின் குரல்தான் பூச்சி மேல் பட்டுத் திரும்பி வருகிறது. இதை விளக்குவதைவிடச் செய்துகாட்டுவது சுலபம். எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு "ஷ்ஷ்ஷ்" என்று நிறுத்தாமல் சொல்லச் சொல்லுங்கள், ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்து, பிறகு எடுங்கள். புத்தகம் வரும்போது சத்தம் மாறும். பார்க்காமலே எதிரில் ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும், அதற்கப்புறம் எதிரொலி என்ற சொல்லுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கூட வந்திருக்கும் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த படி: வவ்வால் கத்துவது நமக்கு ஏன் கேட்பதில்லை? மனிதக் காது நொடிக்கு சுமார் 20,000 அதிர்வு வரைதான் கேட்கும், பூச்சி தின்னும் வவ்வால்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே, சில ஒரு லட்சத்தையும் தாண்டிக் கத்துகின்றன. அவ்வளவு கீச்சுக் குரல் எதற்கு என்பதற்குக் கடற்கரைப் பிள்ளைகளிடம் கடலையே காட்டலாம். கரையோரம் நட்ட கம்பைப் பெரிய அலை கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும், அதே அலை வள்ளத்தின் பக்கத்தில் மோதினால் திரும்பும். நாம் பேசும் குரலில் நொடிக்கு 200 அதிர்வு என்று வைத்தால் ஒலியலையின் நீளம் ஒன்றே முக்கால் மீட்டர், அதற்கு ஒரு விட்டில் பூச்சி வெறும் கம்பு. 50,000 அதிர்வு என்றால் அலையின் நீளம் 7 மில்லிமீட்டர்தான், பூச்சி அதற்குப் பெரிய வள்ளம், மோதித் திரும்பியே ஆகும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போவதால், 1.7 மீட்டர் தள்ளியுள்ள பூச்சியிடமிருந்து எதிரொலி வர ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். இத்தனை பலமாகக் கத்தியும் தன் காது செவிடாகாமல் இருக்க, ஒவ்வொரு தடவையும் குரல் விடும் நேரத்தில் நடுக்காதிலுள்ள ஒரு சின்னத் தசை இறுகிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, எதிரொலி வருவதற்குள் தளர்ந்துவிடுகிறது.

இது எளிதில் பிடிபட்ட விஷயமில்லை. பார்வையைப் பறித்தாலும் வவ்வால் முட்டாமல் பறக்கிறது, காதை அடைத்தால்தான் தடுமாறுகிறது என்பது 1790களிலேயே இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற விஞ்ஞானிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கேட்காத சத்தத்தை யார் நம்புவது? அதைக் கேட்கும் கருவியின் முன் 1938-இல் டொனால்ட் கிரிஃபின் என்ற அமெரிக்க மாணவர் வவ்வால்களைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் சங்கதி வெளியே வந்தது.

"வவ்வால் வீட்டுக்கு வவ்வால் வந்தால் நீயும் தொங்கு நானும் தொங்கு" என்ற பழமொழியைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்போடு ஆளுக்கொரு புத்தகப்பையை விரலில் மாட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் வலிக்குது என்று கீழே வைப்பார்கள். நமக்குப் பிடிப்பதற்குத்தான் தசை வேலை செய்ய வேண்டும். வவ்வாலுக்கு உடம்பின் எடையே கால் தசைநாண்களை இழுத்து விரல்களை மடக்கிவிடும், நாணிலும் அதன் உறையிலும் உள்ள சொரசொரப்பு ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு பூட்டிவிடும். தூங்கினாலும் விழாது, செத்த பிறகும் சில தொங்கிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவுக்கும் அப்புறம் படம் காட்டலாம், அதுவும் இறக்கைப் படம். பிள்ளையின் கையைத் தாளில் வைத்து வரைந்து, கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நாலு விரலையும் தாளின் ஓரம் வரை நீட்டி, நடுவில் சவ்வு போட்டால் அதுதான் வவ்வால் இறக்கை. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது: புளியமரத்தில் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வவ்வால்கள் இந்த எதிரொலி வேலையைச் செய்வதில்லை, அவற்றுக்குப் பெரிய கண்ணும் நல்ல மூக்கும் போதும். இவற்றின் வேலையை நூலகத்துக்கு வெளியே கூட்டிப்போயே காட்டலாம், ராமநாதபுரம் சீமையில் பனைமரத்தின் மேல் ஆலங்கன்று முளைத்து நிற்பதைப் பார்க்காத பிள்ளை இருக்காது. பழம் தின்ற பறவையோ வவ்வாலோ எச்சத்தோடு போட்ட விதை அது. இலுப்பைப் பூவைத் தின்ன வரும்போது மகரந்தம் சேர்ப்பதும் இவைதான். ஆனால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் பழந்தின்னி வவ்வால்களை எலி, காக்கையோடு தொல்லைப் பிராணிகள் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022-இல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்தப் பட்டியலையே எடுத்தார்கள்.

வவ்வால் நல்லது என்று சொல்லிவிட்டு, தொடாதே என்று சொல்லாமல் விட்டால் ஆபத்து. கீழே விழுந்து கிடக்கும் வவ்வாலைக் கையால் எடுக்கக் கூடாது, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் வவ்வால் கடித்துப் போட்ட வாதாம் பழத்தைப் பொறுக்கித் தின்னும் பழக்கம் இந்தப் பக்கம் உண்டு, அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். நிபா போன்ற நோய்கள் அந்த எச்சில் வழியாக வரக்கூடியவை.

பிள்ளைகள் இன்னும் வேண்டும் என்று கேட்டால் அடுத்த முறை ஓங்கிலை, அதாவது டால்பினை, எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவில் வலைக்காரர்கள் பார்க்கும் அதே ஓங்கில்தான், அதுவும் குரல் விட்டு எதிரொலி கேட்டே மீன் தேடுகிறது. தண்ணீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் போவதால் வவ்வாலைவிட அதற்குப் பதில் நாலு மடங்கு சீக்கிரம் வந்துவிடும்.