டென்டுக்குள் கரி அடுப்பு: மழை நாளில் மலைக்குக் கிளம்பும் மாணவர்களுக்கு

வெள்ளிக்கிழமை மதியம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி விழும்: "மச்சி, இன்னைக்கு நைட் கொல்லிமலை. யாரெல்லாம் வர்றீங்க?" அரை மணி நேரத்தில் நான்கு பைக், எட்டுப் பேர், வாடகைக்கு இரண்டு டென்ட், மசாலா தடவிய கோழி, ஒரு பை அடுப்புக்கரி எல்லாம் தயார். கல்லூரிக் காலத்தில் இப்படிக் கிளம்பாமல் வேறு எப்போது கிளம்புவது? போக வேண்டாம் என்று தடுப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை இறங்கும் மாதங்களில், அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் அஞ்சுகிற விஷயங்கள் சில உண்டு. பெரும்பாலும் அவை மழைக்குப் பயந்து எல்லோரும் டென்டுக்குள் நுழைந்த பிறகுதான் தொடங்குகின்றன.

முதலில் இடம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ நடந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபர் முதல் வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளுக்கு ஆன்லைனில் முன்பதிவு தருகிறது. இரவு தங்குவதென்றால் அனுமதி பெற்ற முகாமையோ தோட்டத்தையோ தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நள்ளிரவில் 108 வண்டி இந்த இடம் வரை வந்து நிற்குமா? நிற்காது என்றால் அங்கே படுக்காதீர்கள். வானிலை மையம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விட்டிருந்தால் அது மிக கனமழைக்கானது, 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மி.மீ. வரை. அன்றைக்கு டென்ட் பேச்சே வேண்டாம்.

"மழை பெய்தால் இறங்கிவிடலாம்" என்பதும் திட்டமாகாது. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பனிமூட்டத்தில், நனைந்த பைக்கில், இரவு பதினோரு மணிக்கு அதில் இறங்குவது டென்டில் நனைவதைவிட ஆபத்து. மேலேயே ஒரு அறையைப் பேசி வைத்து, அந்த எண்ணை நான்கு பேரின் போனில் சேமித்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது குளிர். ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். கீழே 26 டிகிரி என்றால் 1300 மீட்டர் உயரத்தில் 18 டிகிரிதான். நம்ம ஊர் ஆட்களுக்கு 18 டிகிரி ஒரு பொருட்டா என்று தோன்றும். உடல் காய்ந்திருந்தால் பொருட்டில்லைதான். நனைந்த ஜீன்ஸும் காட்டன் ஹூடியும் உடம்போடு ஒட்டியிருக்க, அந்த ஈரத்தோடு பைக்கில் எதிர்காற்றும் வாங்கியிருந்தால் கணக்கே மாறிவிடும். தண்ணீர் உடம்பின் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுக்கும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதுதான் ஹைப்போதெர்மியா. பனி பெய்கிற நாடுகளில் மட்டும் வருவதல்ல.

வீட்டுத் தெர்மாமீட்டர் இந்த இடத்தில் பெரிதாக உதவாது. கையைப் பாருங்கள். கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொடச் சொல்லுங்கள். தொட முடியாமல் விரல் விறைத்து நின்றால், ஜிப்பை இழுக்கத் தடுமாறினால், பேச்சு குளறினால், அந்த நண்பன் போதையில் உளறுகிறான் என்று சிரிக்காதீர்கள். நன்றாக நடுங்கிக்கொண்டிருந்தவன் திடீரென்று நடுக்கம் நின்று "இப்ப ஓகேடா, தூங்கறேன்" என்றால் நிலைமை மோசமாகியிருக்கிறது. உடனே 108.

வண்டி வரும் வரை செய்ய வேண்டியவை: ஈரத்துணி முழுவதையும் கழற்றிவிட்டுக் காய்ந்த துணி போர்த்துங்கள், தலையையும் மூடுங்கள். அடியில் மறக்காமல் ஏதாவது விரியுங்கள். அட்டைப்பெட்டி, கோரைப்பாய், காலியான உரச்சாக்கு, எது கிடைத்தாலும் சரி, ஏனென்றால் ஈரத் தரைதான் சூட்டை உறிஞ்சும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அக்குளிலும் மார்பிலும் வையுங்கள். நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரை தூக்கலாகச் சூடான டீ கொடுக்கலாம். கை கால்களைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. மது அறவே கூடாது. அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, சூடாக இருப்பது போன்ற உணர்வைக் கொடுத்துக்கொண்டே உள்வெப்பத்தை வெளியேற்றும்.

இதையெல்லாம் தவிர்க்க ஒரு கனமான பிளாஸ்டிக் பை போதும். அதில் ஆளுக்கு ஒரு செட் உடை, சாக்ஸ், ஒரு துண்டு போட்டு வாயை இறுக்கி முடிச்சுப் போடுங்கள். தூங்குவதற்கு மட்டும்தான் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

டென்டில் பலரும் செய்யும் பிழை அடியில் விரிக்கும் தார்ப்பாயில் இருக்கிறது. டென்டைவிடப் பெரிய தார்ப்பாயை விரித்து ஓரங்களை வெளியே நீட்டி விட்டால், மேலிருந்து வழியும் மழைநீர் முழுவதும் அதில் விழுந்து நேராக உங்கள் முதுகுக்கு அடியில் வந்து தேங்கும். ஓரங்களை உள்ளே மடக்கி, டென்டின் விளிம்புக்கு வெளியே ஒரு விரல் அளவுகூடத் தெரியாமல் செய்யுங்கள். பையோ தோளோ டென்டின் சுவரில் உரசினால் அந்த இடத்தில் ஈரம் கசியும். நான்கு பேர் டென்ட் என்று விற்பதில் மூன்று பேர் படுத்தால்தான் சுவரில் படாமல் இருக்கலாம்.

இனி, நான் மிகவும் அஞ்சுகிற விஷயம். ஏழு மணிக்குக் கோழி சுட்டாகிவிட்டது. ஒன்பது மணிக்கு மழை. அடுப்பு நனையக் கூடாதென்று டென்டின் வாசல் மறைப்புக்குள் இழுத்து வைக்கிறார்கள். பதினோரு மணிக்குக் குளிர் ஏற, அதே அடுப்பு உள்ளே வருகிறது, ஜிப் மூடப்படுகிறது. "புகையே வரலையே, தணல்தானே" என்பார்கள். சுடர் இல்லாமல் செந்தணலாகக் கனியும் கரிதான் கார்பன் மோனாக்சைடை அதிகம் விடும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது, கண் எரியாது, இருமலும் வராது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஈரமான டென்ட் துணியில் காற்று புகாது. ஜிப்பைச் சாண் அளவு திறந்து வைப்பதும் காப்பாற்றாது. கொடைக்கானல் போன்ற ஊர்களில் மூடிய அறைகளில் இப்படி உயிர்கள் போன செய்திகள் வந்தபடிதான் இருக்கின்றன.

தலைவலி, குமட்டல், அசதி. மலைப்பாதையில் வந்த களைப்பு என்று எடுத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். ஒரே டென்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் வேறு யோசனையே வேண்டாம், எல்லோரையும் மழையிலேயே வெளியே இழுங்கள், 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள், அந்தக் கருவிக்கு இந்த வாயுவையும் ஆக்ஸிஜனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தத்தில் ஏறிய இந்த வாயு சாதாரணக் காற்றில் பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரமாகும். மருத்துவமனையில் முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்.

சமைப்பது நாலா பக்கமும் திறந்த தார்ப்பாய்க்கு அடியில் மட்டும் இருக்கட்டும். முடிந்ததும் கரியில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சாம்பல் பூத்த கரிக்குள்ளும் தணல் இருக்கும். காரில் என்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றித் தூங்குவதும் இதே ஆபத்துதான்.

ஓடைக்கரையில் டென்ட் போடாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. மேலே மலையில் பெய்யும் மழை கீழே தெரியாது. தண்ணீர் கலங்கி இலையும் சுள்ளியும் வரத் தொடங்கினால் பொருள்களை விட்டுவிட்டு மேடேறுங்கள். இடி கேட்டால் காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் இருங்கள். டென்ட் மின்னலைத் தடுக்காது. அட்டை கடித்தால் பிய்க்காமல், நகத்தைத் தோலோடு சாய்த்து நகர்த்தி எடுங்கள்.

திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலோடு நிறுத்தாதீர்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிப்பூச்சிகளால் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் வரும், தமிழ்நாட்டில் மழை, குளிர் மாதங்களில் அதிகம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டது போல வலிக்காத ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். டாக்சிசைக்ளின் என்ற எளிய மருந்துக்கு அது கேட்கும், ஆனால் தாமதித்தால் நுரையீரல் வரை போய்விடும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "இத்தனாம் தேதி மலையில் புல்தரையில் படுத்திருந்தேன்."