ஆல்பம்: தொகுப்பா, கோவையா?

ஆல்பம் (பெயர்ச்சொல்): ஓர் இசைக்கலைஞரோ இசைக்குழுவோ ஒரே பெயரின்கீழ், ஒரு வரிசையில் அமைத்து, ஒன்றாக வெளியிடும் பாடல்கள் அல்லது இசைத்துண்டுகள். புகைப்படங்களையும் தபால்தலைகளையும் ஒட்டி வைக்கும் ஏட்டுக்கும் இதே பெயர்.

'ஒரு வரிசையில்' என்ற சொற்களை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். இந்தச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்ற வழக்கே அந்த வரிசையில்தான் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்குத் தொலைவில் உள்ள ஒரு குழுவைப் பார்ப்போம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் இருக்கும் கிராலி நகரத்துக் குழு 'தி க்யூர்'. 1970களின் பிற்பகுதியில் தொடங்கி, பாடகர் ராபர்ட் ஸ்மித்தை மையமாகக் கொண்டு இன்றுவரை இயங்குகிறது. 2024 நவம்பர் 1 அன்று 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' என்ற ஆல்பத்தை அது வெளியிட்டது. தொலைந்துபோன ஓர் உலகின் பாடல்கள் என்று பொருள். புதுப் பாடல்கள் கொண்ட முந்தைய ஆல்பம் வந்தது 2008இல். இடைவெளி 16 ஆண்டுகள். ஆனாலும் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்துக்கு ஏறியது. 1992இல் வெளியான 'விஷ்' ஆல்பத்துக்குப் பிறகு அந்த இடம் இக்குழுவுக்குக் கிடைக்கவே இல்லை.

மொத்தம் எட்டுப் பாடல்கள். முதல் பாடல் 'அலோன்'. மூன்று நிமிடங்களுக்கு மேல் வெறும் இசை ஓடிய பிறகே ஸ்மித் வாய் திறக்கிறார். திறந்ததும் பாடல்களின் முடிவைப் பற்றித்தான் பாடுகிறார். கடைசிப் பாடலின் பெயரே 'எண்ட்சாங்', அதாவது இறுதிப்பாடல். பத்து நிமிடங்களுக்கும் மேல் நீள்கிறது. ஆல்பம் வெளிவருவதற்கு முன், 2022இல் தொடங்கிய இசைப் பயணத்தில், 'அலோன்' நிகழ்ச்சியைத் தொடக்கிவைக்கும், 'எண்ட்சாங்' முதன்மைப் பகுதியை முடித்துவைக்கும். 'அலோன்' பதிவானவுடனேயே அதுதான் தொடக்கப் பாடல் என்று தெரிந்துவிட்டதாகவும், முழு ஆல்பத்துக்கும் கதவைத் திறந்துவிட்டது அதுவே என்றும் ஸ்மித் சொல்லியிருக்கிறார். இந்த எட்டையும் இடம் மாற்றி அடுக்கினால் பாடல்கள் இருக்கும், ஆல்பம் இருக்காது.

இனி சொல்லின் வேர். இலத்தீனில் 'ஆல்பஸ்' என்றால் வெள்ளை. 'ஆல்பம்' அதன் அஃறிணை வடிவம். பண்டைய ரோமில் வெண்மை பூசிய பலகையை அப்படி அழைத்தார்கள். நீதி அதிகாரிகளின் ஆணைகளையும் பெயர்ப் பட்டியல்களையும் அதில் எழுதிப் பொது இடத்தில் வைப்பது வழக்கம். பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர்கள், ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் கையெழுத்தும் வாழ்த்தும் வாங்கிச் சேர்க்கும் வெற்றேட்டுக்கு 'ஆல்பம் அமிக்கோரம்' என்று பெயர் வைத்தார்கள்: நண்பர்கள் ஏடு. நம் கல்லூரிகளில் கடைசி நாளில் கைமாறும் ஆட்டோகிராப் புத்தகத்தின் மூத்த உறவு இது. பலகை ஏடாகியது, ஏட்டில் பிறகு தபால்தலை வந்தது, புகைப்படம் வந்தது.

இசைக்கு இந்தச் சொல் வந்த வழி இன்னும் சுவையானது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிட இசைதான் கொள்ளும். நீண்ட செவ்வியல் படைப்பைப் பதிவு செய்தால் பல தட்டுகள் தேவைப்படும். அவற்றைப் புகைப்பட ஏடு போலவே அட்டை கட்டி, உள்ளே உறைகள் தைத்து விற்றார்கள். 1909இல் ஓடியான் நிறுவனம் சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' தொகுதியை நான்கு தட்டுகளில் இப்படி வெளியிட்டது முன்னோடி என்பார்கள். ஆக, ஆல்பம் என்பது இசையின் பெயரன்று, அட்டையின் பெயர். 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று நெட்டிசைத்தட்டைக் கொண்டுவந்தது; ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் கொள்ளும். ஏட்டுக்கட்டுக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஒலிநாடா, குறுந்தகடு, இணைய ஒலிபரப்பு என்று உடல்கள் மாறின. இன்று தொட ஒரு பொருளும் இல்லாதபோதும் ஆல்பம் என்றே சொல்கிறோம். (பீட்டில்ஸ் குழு 1968இல் வெறும் வெள்ளை உறையில் வெளியிட்டதை உலகம் 'வெள்ளை ஆல்பம்' என்கிறது. வேர்ப்பொருளைப் பார்த்தால் நம் 'நடு சென்டர்' வகையைச் சேர்ந்தது.)

தமிழில் ஆல்பம் வேறொரு வேடிக்கைக்கும் ஆளாகியிருக்கிறது. திரைப்படத்தில் இடம்பெறாமல் தனியே வெளியாகும் ஒற்றைப் பாடலை நாம் 'ஆல்பம் பாடல்' என்கிறோம். பலவற்றின் சேர்க்கையைக் குறிக்க வந்த சொல், ஒன்றே ஒன்றுக்குப் பெயராகிவிட்டது! சினிமா இசையைப் பொதுவழியாகவும் மற்றதை விலக்காகவும் காணும் நம் பழக்கம்தான் காரணம்.

தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். பொருளை வைத்துப் பெயரிட்டவை அந்தப் பொருளோடு மங்கின: இசைத்தட்டு, ஒலிநாடா. இலங்கைத் தமிழர் குறுந்தகட்டை 'இறுவட்டு' என்பர். அழகான சொல், ஆனால் அதுவும் வட்டைத்தான் குறிக்கிறது. எஞ்சியிருப்பதும் பத்திரிகைகள் பழக்கியதும் 'இசைத்தொகுப்பு'. பிழையில்லை, ஆனால் தொகுப்பு மிகவும் உழைத்துக் களைத்த சொல். செய்தித் தொகுப்பு, தொகுப்பு வீடு, தொகுப்பூதியம், திரைத்துறையில் எடிட்டிங்குக்குப் படத்தொகுப்பு. 'இசைத்தொகுப்பாளர்' என்றால் ஆல்பம் படைத்தவரா, பழைய பாடல்களைச் சேர்த்துக் கொடுத்தவரா?

இங்கே நம் இலக்கண நூல் ஒன்று கைகொடுக்கிறது. தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பிரிக்கிறது. தனியே நின்று பொருள் முடிவது முத்தகம். ஒற்றையாக வெளியாகும் பாடலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? ஒருவரோ பலரோ பாடியவற்றை ஏதேனும் ஒரு முறைபற்றிச் சேர்ப்பது தொகைநிலை. பொருளாலோ சொல்லாலோ ஒன்றோடொன்று இணைந்து செல்வது தொடர்நிலை. வெற்றிப்பாடல்களை வாரிச் சேர்ப்பதையும் வரிசை கருதிப் படைப்பதையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குகிறது. நமக்கு இரண்டும் வேறு என்று தெரிந்திருக்கிறது.

முதல் வகைக்குத் 'திரட்டு' போதும். தனிப்பாடல் திரட்டு நமக்குப் பழகியதே. தி க்யூர் தன் ஒற்றைப் பாடல்களைச் சேர்த்து 1986இல் வெளியிட்டது ஒரு திரட்டு. இரண்டாம் வகைக்கு என் வாக்கு 'கோவை'க்கு. கோத்தல் என்ற வினையிலிருந்து வந்த சொல். அகப்பொருட்கோவையில் நானூறு பாடல்கள். ஒவ்வொன்றும் தனித்துச் சுவைக்கக் கூடியது, ஆனால் 'காட்சி'யில் தொடங்கும் வரிசையில் படித்தால் ஒரு காதல் வாழ்க்கை விரிகிறது. மாணிக்கவாசகர் பாடிய கோவையான திருக்கோவையாரை அறிந்த வாசகருக்கு ஆல்பம் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரோடு குழம்பும் என்பார்கள். 'இசைக்கோவை' என்று முன்னொட்டோடு எழுதினால் எந்த ரயிலும் அங்கே போகாது. 'பாடற்கோவை' என்றால் பாட்டே இல்லாத வாத்திய ஆல்பங்கள் வெளியே நிற்கும் என்பதால் 'இசை' என்பதே நல்லது. சிம்பொனி போன்றவற்றுக்கும் சிலர் 'இசைக்கோவை' என்று எழுதுகிறார்கள். அவற்றை சிம்பொனி என்றே விட்டுவிடலாம்.

தி க்யூர் போன்ற குழுக்களைப் பற்றி எழுதும்போது இன்னொரு சொல்லும் வேண்டியிருக்கிறது: அவர்களின் இசைவகையான 'ஆல்டர்நேட்டிவ் ராக்' என்பதை 'மாற்று ராக்' என்று எழுதலாம். 1980களில் பெருநிறுவனங்களின் போக்குக்கு வெளியே, சிறு வெளியீட்டாளர்களையும் அமெரிக்கக் கல்லூரி வானொலிகளையும் நம்பி வளர்ந்த ராக் இசைக்கு அந்தப் பெயர். மாற்று மருத்துவம், மாற்று சினிமா என்று பழகிய நமக்கு இது உறுத்தாது. தங்கத்தின் தரத்துக்கும் மாற்று என்றே பெயர் என்பதை அக்குழுக்களின் ரசிகர்கள் கேட்டால் மகிழ்வார்கள்.

ஆகவே: 'தி க்யூர் குழுவின் பதினான்காவது இசைக்கோவை.' நான்கைந்து பாடல்களே கொண்ட ஈ.பி. வகைக்குக் குறுங்கோவை. மேடையில் பதிவு செய்தது மேடைக்கோவை. திருமண ஆல்பம் மட்டும் ஆல்பமாகவே இருக்கட்டும்; அதன் பெயரை மாற்றச் சொல்லி எந்த மாமியாரிடமும் என்னால் பேச முடியாது.