எச்சில் திரும்பி விழாத கோணம்

சித்திரை வெயிலில் வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வருபவர்கள், தண்ணீர்ப் பந்தலைக் கண்டால் ஒரு கணமாவது நிற்பார்கள். ஈரத்துணி சுற்றிய மண்பானையும், சங்கிலியில் கட்டிய எவர்சில்வர் டம்ளரும் அங்கே இருக்கும். பெரியவர்கள் பலர் டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிறார்கள். எச்சில் படாமல் குடிக்க வேண்டும் என்று சிறுவயதில் வீட்டில் பழக்கிய பழக்கம் அது. ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு அது கைவராது, மூச்சு வாங்க நடந்து வந்த முதியவர்களுக்குப் புரையேறிவிடும். அவர்கள் வாய் வைத்துக் குடித்த டம்ளரையே அடுத்தவர் பானைக்குள் விட்டு மொள்கிறார். பொதுக் குடிநீர்க் கருவிகளை உருவாக்கியவர்கள் பல பத்தாண்டுகள் போராடிய சிக்கல் முழுவதும் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது.

லண்டனில் காலரா பரவிய காலத்தில், அதற்கு அசுத்தமான குடிநீரே காரணம் என்று 1854இல் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் சுட்டிக்காட்டினார். ஏழைகளுக்கு நல்ல தண்ணீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 1859இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டு, ஹோல்பர்ன் பகுதியில் ஒரு தேவாலயச் சுற்றுச்சுவரில் முதல் குடிநீர் ஊற்று திறக்கப்பட்டது. அதிலும் சங்கிலியில் கட்டிய குவளைகளே தொங்கின. குடித்தபின் குவளையை அதன் இடத்தில் வைக்கும்படி கல்லில் எழுதியிருந்தார்கள். தண்ணீர் சுத்தமாகிவிட்டது, குவளை சுத்தமாகவில்லை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் சாமுவேல் கிரம்பைன் என்னும் மருத்துவரின் முயற்சியால் 1909இல் பொதுக்குவளை தடைசெய்யப்பட்டது. காசநோயாளி ஒருவர் குடித்த குவளையிலேயே ஒரு சிறுமியும் குடித்ததை ரயிலில் அவர் நேரில் கண்டிருந்தார்.

குவளையே இல்லாமல் குடிப்பது எப்படி என்ற கேள்வி அடுத்து எழுந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் குழாய் வேலை செய்தவரும் சுகாதார ஆய்வாளராக இருந்தவருமான லூதர் ஹாஸ், பள்ளிப் பிள்ளைகள் ஒரே தகரக் குவளையில் குடிப்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் தானே மேலெழும்பி வாய்க்கு வரும் குழாயை உருவாக்கினார். 1911இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அக்காலத்து ஊற்றுகள் பலவற்றில் குழாய்முனை நேராக வானத்தைப் பார்த்திருக்கும். திறந்தால் நீர் சிறு குமிழாகப் பொங்கும், குனிந்து உறிஞ்ச வேண்டும். பார்ப்பதற்குக் குற்றமற்ற ஏற்பாடாகவே தோன்றியது.

அந்த நம்பிக்கையை உடைத்தது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்த, 1916இல் வெளியான ஓர் ஆய்வு. மாணவர் விடுதி ஒன்றில் தொண்டை அழற்சி கடுமையாகப் பரவியதைத் தொடர்ந்து, பெட்டிபோன், போகார்ட், கிளார்க் ஆகிய மூவரும் வளாகத்தின் ஊற்றுகள் அனைத்தையும் சோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில், அந்த அழற்சிக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை பாக்டீரியா இருந்தது. ஆனால் ஊற்றுகளுக்கு வரும் தண்ணீரில் அது அரிதாகவே, அதுவும் மிகச் சிறிய அளவில்தான் காணப்பட்டது. அப்படியானால் அது குடிப்பவரின் வாயிலிருந்தே வந்திருக்க வேண்டும். இதை உறுதிப்படுத்த, வளரும்போது சிவப்பு நிறம் காட்டுவதால் எளிதில் அடையாளம் காணக்கூடிய இன்னொரு பாக்டீரியாவை, ஈர உதடுகளின் மூலமும் சிறு குழலின் மூலமும் சோதனை ஊற்றின் நீரில் சேர்த்தார்கள். குமிழின் உயரத்தைப் பொறுத்து 2 நிமிடம் முதல் 135 நிமிடம் வரை அது அந்த நீரிலேயே தங்கியிருந்தது. ஓடிக்கொண்டேயிருக்கும் தண்ணீரில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கிருமி தங்கும் என்று யாரும் எளிதில் ஊகித்திருக்க முடியாது.

திருவொற்றியூர்த் திருவிழாக் கடைகளில் குழந்தைகள் வாங்கும் ஊதல் பொம்மையில், காற்றின் மேல் சிறு பந்து விழாமல் துள்ளிக்கொண்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பூங்கா நீரூற்றின் மேல் பந்து ஆடுவதைப் போலவே கிருமிகளும் அந்த நீர்த்தண்டில் ஆடிக்கொண்டிருந்தன என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். நேராக மேலே செல்லும் நீர் உச்சியில் வேகம் இழந்து, வந்த வழியிலேயே இறங்குகிறது. ஏறும் நீரும் இறங்கும் நீரும் கலப்பதால், வாயில் பட்ட துளியில் ஒரு பங்கு மீண்டும் மேலே தூக்கிச் செல்லப்படுகிறது. மீதி குழாய்முனையின் மேலேயே வழிகிறது. குமிழை 4 அங்குலம் உயர்த்திப் பார்த்தும் இது முற்றிலும் நிற்கவில்லை. பின்னர்க் குழாயைச் செங்குத்திலிருந்து 50 பாகை சாய்த்தார்கள். அதன்பின், பாக்டீரியாவைச் சேர்த்த உடனேயே மாதிரி எடுத்தபோதும் அது நீரில் அகப்படவில்லை. மருந்தும் வடிகட்டியும் இல்லாமல், ஒரு கோணமே இதைச் சாதித்தது என்பதை இந்த வரலாற்றின் மிக அழகான பகுதியாக நான் கருதுகிறேன்.

சாய்ந்த முனையிலிருந்து நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் புறப்படும் நீர்த்தாரை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயர்ந்து வளைந்து, 22 சென்டிமீட்டர் தள்ளி விழும். வளைவின் உச்சி முனையிலிருந்து 11 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதால், அங்கே வாய் வைப்பவரின் எச்சில் பட்ட நீர் முன்னோக்கியே போய்த் தொட்டியில் விழுகிறது. இந்த வேகத்துக்கு 12 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம் போதும். மொட்டை மாடியில் 6 மீட்டர் உயரத்தில் உள்ள சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து தடையின்றி வந்தால், நீர் நொடிக்கு 10 மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் முகத்தில் அடிக்கும். ஆகவே ஊற்றுக்குள் அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் வால்வு தேவைப்படுகிறது. அது பழுதாகித் தாரை தாழ்ந்தால், மக்கள் முனையிலேயே வாய் வைக்கத் தொடங்குவார்கள். அதைத் தடுக்கவே முனையைச் சுற்றி உலோகக் காப்பு வைக்கிறார்கள்.

ஊற்றின் முனை, நீர் விழும் தொட்டியின் விளிம்பைவிட உயரமாக இருப்பதும் இதே அளவுக்கு முக்கியம். நாளில் சில மணி நேரமே தண்ணீர் வரும் குழாய்களில் அழுத்தம் விழுந்து, சில நேரம் வெளியிலுள்ள நீரைக் குழாயே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். யாராவது மோட்டாரை நேராகக் குழாயில் இணைத்திருந்தால் இது இன்னும் மோசமாகும். தொட்டி அடைத்து நிறைந்த நிலையில் முனை அதில் மூழ்கியிருந்தால், அனைவரும் குடித்து வழியவிட்ட நீர் தெருக் குழாய்க்குள் போய்விடும். இடையில் காற்று இருந்தால் உறிஞ்சப்படுவது காற்று மட்டுமே. டிரம்மில் மூழ்கக் கிடக்கும் ரப்பர் குழாயும் இதே ஆபத்தை உடையது என்பதை வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தண்ணீர் பிடிக்கும் வீடுகள் அறிந்திருப்பது நல்லது.

புழல் ஏரியின் தண்ணீரானாலும், 2010இல் தொடங்கப்பட்ட மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீரானாலும், குழாயின் கடைசி முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர அளவு கூறுகிறது. வெயிலில் காயும் குழாயில் இரவு முழுவதும் தேங்கிய நீரில் அந்தக் குளோரின் குறைந்துவிடும். ஆகவே பள்ளியோ ரயில் நிலையமோ, காலையில் முதலில் வருபவர் சற்று நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு குடிப்பது வீணல்ல.

நான் படித்த பள்ளியில் வரிசையாகக் கீழ்நோக்கிய குழாய்கள்தாம் இருந்தன. நாங்கள் உள்ளங்கையைக் குவித்துக் குடிப்போம். கை அழுக்கும் சேர்ந்து உள்ளே போகும். உயரம் எட்டாத பிள்ளைகள் குழாயைப் பிடித்துத் தொங்கி வாய் வைப்பார்கள். அந்தக் குழாய்களுக்குப் பதில், சாய்ந்த முனைகளைப் பிள்ளைகளின் மார்பளவு உயரத்தில் பொருத்தி, வடிகால் சல்லடையை நாள்தோறும் கழுவ ஒருவரை அமர்த்தினால் போதும். இடைவேளை மணி அடித்ததும் ஓடிவரும் நூறு பிள்ளைகளும் ஒருவர் எச்சில் ஒருவருக்குப் போகாமல் குடித்துவிட்டு விளையாடப் போகலாம்.