வீட்டுக்கல்வியில் வாசிப்பைத் தனியாகக் கவனியுங்கள்

ஒன்பது வயதுப் பையன். அம்மாவோடு என் அறைக்குள் வந்தவன் நாற்காலியில் உட்காரவில்லை. மேசை ஃபேன் ஏன் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் சத்தம் போடுகிறது என்று பார்க்கப் போய்விட்டான். மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். இட்லி மாவு எப்படிப் புளிக்கிறது என்று முழுதாக விளக்கினான். அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவில் பெருகி வாயுவை விடும். உளுந்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணாடி டம்ளரில் மாவை ஊற்றி, மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால், காலையில் எத்தனை விரல் ஏறியிருக்கிறது என்று அளக்கலாம். மார்கழியில் மெதுவாகத்தான் ஏறும். இவ்வளவையும் அவனே வீட்டில் செய்து பார்த்திருக்கிறான்.

அப்புறம் இரண்டாம் வகுப்பு அளவில் நான்கு வரி கொடுத்து வாசிக்கச் சொன்னேன். 'பொம்மை'யைப் 'பெம்மை' என்றான். 'தோட்டம்' என்ற இடத்தில் படத்தைப் பார்த்துவிட்டு 'மரம்' என்றான். மூன்றாவது வரியில் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "நீங்க படிங்க, நான் கதைய அப்படியே சொல்றேன்" என்றான்.

"வாசிப்பு தன்னால வரும், அவசரப்படக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க மேடம். எதக் கேட்டாலும் பதில் சொல்றான். அதனால நாங்களும் விட்டுட்டோம்" என்றார் அம்மா. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

(அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் கோவையில் சிறப்புக் கல்வியாளராக இருக்கிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் இப்போது அதிகம் வருகின்றன. அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு வீட்டில் எட்டு வயதுப் பெண் பாட்டியோடு தினமும் கோலம் போடுகிறாள். ஏழு நேர்ப்புள்ளி, ஒன்றில் முடியும் கோலம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, மறுபடி ஐந்து, மூன்று, ஒன்று என்று எண்ணிக் கூட்டி 25 என்றாள். அதே ஏழு புள்ளியை இடுக்குப்புள்ளியாக வைத்து நாலில் முடித்தால் 37 வரும் என்று என் மேசையிலேயே சாக்பீஸால் வைத்துக் காட்டினாள். பாட்டி அவளுக்குப் பழைய பின்ன வாய்பாடும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் பதினாறில் ஒன்று, அதுதான் மாகாணி. பகுதிகள் வேறாக இருக்கும் பின்னங்களைக் கூட்டுவதை அந்தக் குழந்தை அரிசி அளக்கும் படியை வைத்தே புரிந்துகொண்டிருந்தாள். இந்த வாய்ப்பு வகுப்பறையில் கிடைப்பது கஷ்டம்.

அதனால் செய்முறைகளைக் குறைக்கச் சொல்லவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நல்ல செய்முறைக் கல்வி, வாசிப்புச் சிக்கலை வருடக்கணக்கில் மறைத்துவிடும். வீட்டில் எல்லாவற்றையும் யாராவது வாசித்துச் சொல்கிறார்கள். புத்திசாலிப் பிள்ளை ஒருமுறை கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்கிறது. கேட்ட கதையைப் பக்கம் திருப்பித் திருப்பி 'வாசிக்கவும்' செய்கிறது. பக்கத்தில் அதே வயதுப் பிள்ளை யாரும் வாசிக்காததால் பெற்றோருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. பள்ளிகளிலும் இந்தச் சிக்கல் தவறிப்போகிறது, அது வேறு கதை. ஆனால் அங்கே பரீட்சைத் தாளாவது ஒரு நாள் காட்டிக்கொடுத்துவிடும்.

பேச்சு தன்னால வரும். வாசிப்பு அப்படி வராது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை யாராவது சொல்லித்தர வேண்டும். தமிழில் எழுத்துகள் 247 என்று பயப்பட வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டால், ஆய்தம் தவிர மற்றவை அவை சேரும் விதம்தான். சிலருக்குச் சிக்கல் அந்தச் சேர்க்கையில்தான் இருக்கும். 'கெ' என்று எழுதும்போது கொம்பு இடப்பக்கம் முதலில் நிற்கிறது, அதன் ஒலியோ கடைசியில் வருகிறது. 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். கண் போகும் வழியும் காது கேட்கும் வழியும் வேறுவேறு. பெரும்பாலான பிள்ளைகள் இதைச் சில மாதங்களில் தாண்டிவிடுவார்கள். வாசிப்புக் குறைபாடு, அதாவது டிஸ்லெக்ஸியா, உள்ள பிள்ளை இங்கேயே நின்றுவிடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளை இதுவரை கேட்காத, படமில்லாத ஒரு பக்கத்தைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்து 'தொமி', 'கேலு', 'பைடு' என்று அர்த்தமே இல்லாத சொற்களை எழுதிக் கொடுங்கள். ஊகித்துச் சொல்ல வழியில்லாததால், எழுத்தைப் பார்த்துத்தான் வாசிக்க முடியும். பிறகு 'கொக்கு', 'தேள்', 'மணல்', 'வாழை' மாதிரிப் பத்துச் சொற்களைச் சொல்லி எழுதவையுங்கள். ஏழு வயதைத் தாண்டிய பிள்ளை, ஒரு வருடம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த பிறகும் இவற்றில் திணறினால் ஆலோசனைக்கு வாருங்கள். அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் வாசிக்கச் சிரமம் இருந்ததா என்பதையும் யோசித்துக்கொண்டு வாருங்கள்; பல வீடுகளில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இருந்திருக்கும்.

சிகிச்சை என்றதும் மருந்து என்று நினைக்கிறார்கள். மருந்து எதுவும் கிடையாது. ஒலியிலிருந்து தொடங்கி, வரிசையாக, திரும்பத் திரும்பச் சொல்லித்தருவதுதான். அதற்கும் கைவேலையே உதவும். அந்தப் பையனுக்கு அட்டையில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் ஆகியவற்றை வெட்டித் தந்தோம். நடுவில் 'ப' அட்டை. காலை வைத்தால் 'பா', கொம்பை வைத்தால் 'பெ', இரண்டையும் வைத்தால் 'பொ'. ஒவ்வொரு முறையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நகர்த்த வேண்டும். அப்புறம் தட்டில் அரிசிமாவைப் பரப்பி விரலால் எழுதுவான். தினமும் 20 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். மற்ற நேரமெல்லாம் அவனுடைய ஃபேன், மாவு, தோட்டம் எதிலும் நாங்கள் கைவைக்கவில்லை. ஒரே ஒரு மாற்றம்: எதைச் செய்தாலும் 'என்ன செய்தேன், என்ன பார்த்தேன்' என்று இரண்டு வரி அவன் கையாலேயே நோட்டில் எழுத வேண்டும்.

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டில் படிப்பவர்கள் பலர் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறார்கள். 14 வயது முடிந்திருக்க வேண்டும், ஐந்து பாடம் போதும். ஓவியம், மனையியல் எல்லாம் பாடமாக எடுக்கலாம். ஆனால் எந்தப் பாடமானாலும் கேள்வித்தாளை வாசித்துத்தான் ஆக வேண்டும். அந்த வயதில் வந்து "இவனுக்கு வாசிக்கவே வரல" என்று நிற்கும் பெற்றோரைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. எட்டு வயதுக்கு மேல் சான்றிதழ் வாங்கலாம். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதிப்பார்கள். தேர்வில் கூடுதல் நேரம் மாதிரியான சலுகைகளுக்கு அது வேண்டும். பயிற்சியைத் தொடங்க எட்டு வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பையன் வரத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். நீளமான சொல் வந்தால் விரல் வைத்து உடைத்து உடைத்துப் போகிறான். போன வாரம் நோட்டைக் கொண்டுவந்தான். முதல் பக்கத்தில் 'மாவு பெங்கியது' என்று இருந்தது. கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினேன். 'இன்று மழை. மாவு பொங்க நேரம் ஆனது' என்று எழுதியிருந்தான். 'பெ'வுக்குப் பக்கத்தில் கால் மட்டும் கொஞ்சம் நெருக்கமாக, வேறு பென்சிலில். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது அவனே கண்டுபிடித்துச் சேர்த்ததாம்.