நான்கு கிலோ கமெரா இருபது கிலோ ஆவது எப்படி?

ஹோட்டன் சமவெளியில் அரெங்கா குளத்தடிக்கு இலங்கைச் சீகாரப் பூங்குருவி வருவது விடியற்காலை அரையிருட்டில். அந்த வெளிச்சத்தில் படமெடுக்க 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் கைகொடுக்கும். லென்ஸின் குவியத்தூரமான 600-ஐ எஃப் எண்ணான 4-ஆல் வகுத்தால் 150. ஒளி நுழையும் வாயின் அகலம் 150 மி.மீ. அதே 600 மி.மீ. எஃப்/6.3 லென்ஸில் அது 95 மி.மீ. தான். பரப்பைக் கணக்கிட்டால் பெரிய லென்ஸ் இரண்டரை மடங்கு ஒளியை வாங்குகிறது. அந்த அகலமான கண்ணாடிகளால்தான் லென்ஸ் மூன்று கிலோ வருகிறது. கமெராவும் சேர்ந்தால் நான்கு.

நான்கு கிலோ என்பது பெரிய பாரமே இல்லை. தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அதைவிட எத்தனையோ மடங்கு சுமந்து சரிவில் ஏறி இறங்குகிறார்கள். தலையில் மாட்டிய கயிறு கழுத்தை வருத்தினாலும், கூடை முதுகை விட்டு விலகாது. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கமெராவை நெஞ்சுக்கு முன்னால் தொங்கவிட்டால் அது முள்ளந்தண்டிலிருந்து ஏறக்குறைய 20 செ.மீ. தள்ளி நிற்கும். உடம்பு முன்னால் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசைக்கு முள்ளந்தண்டிலிருந்து கிடைப்பது 5 செ.மீ. தூரம் மட்டுமே. நான்கில் ஒரு பங்கு தூரத்தில் நின்று இழுப்பதால் நான்கு மடங்கு விசை வேண்டும்: 16 கிலோ. கமெராவின் நான்கையும் கூட்டினால் கீழ்முதுகு தாங்குவது 20 கிலோ. ஹோட்டன் சமவெளியின் ஒன்பது கிலோமீற்றர் சுற்றில் ஒவ்வொரு அடிக்கும் இந்தப் பாரம்தான்.

ஆகவே லென்ஸை முதுகுப் பையில் நிமிர்த்தி, முதுகோடு ஒட்டி வையுங்கள். முதலில் இடுப்புப் பட்டியை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இறுக்க வேண்டும். தோள்பட்டி அதற்குப் பிறகு. வரிசை மாறினால் பாரத்தில் பெரும்பகுதி தோளில் தங்கிவிடும். ட்ரைபொட்டைப் பக்கவாட்டில் கட்டினால் மறுபக்கம் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிப் பக்கத்து ஈர இறக்கத்தில் ஒருபக்கம் சாய்ந்த பாரம் காலை வாரிவிடும்.

ட்ரைபொட்டில் லென்ஸைப் பூட்டியபடியே தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பவர்கள் பலர். ஒவ்வொரு அடிக்கும் லென்ஸ் ஆடும்போது, அதை ட்ரைபொட்டில் பூட்ட லென்ஸின் அடியில் மாட்டும் தட்டை ஒற்றைத் திருகாணிதான் பிடித்திருந்தால் அது மெல்ல மெல்லக் கழலும். கண்ணுக்குத் தெரியாது, தட்டு இலேசாகத் திரும்பும்போதுதான் புரியும். இரண்டு திருகாணி போட்டால் தட்டு திரும்ப வழியில்லை. தோள்வாரையும் கமெராவில் மாட்டாதீர்கள், லென்ஸில் உள்ள வளையங்களில் மாட்டுங்கள். கமெராவில் மாட்டினால் மூன்று கிலோவும் லென்ஸ் பொருந்தும் வளையத்தை நெம்பும்.

உண்மையில், அந்தச் சுற்று முழுவதற்கும் பெரிய லென்ஸ் தேவையில்லை. குளம் வாகனம் போகும் வீதியோரத்திலேயே இருக்கிறது. அங்கே வேலை முடிந்ததும் அதை வாகனத்தில் பூட்டி வைத்துவிட்டு, வெளிச்சம் வந்தபின் இரண்டு கிலோ ஸூம் லென்ஸுடன் நடக்கலாம்.

மழைக்குப் பொலித்தீனை நம்பிப் போகவேண்டாம். பூங்கா வாயிலில் பையைச் சோதித்து எடுத்துவிடுவார்கள். துணி மழையுறை நல்லது, ஆனால் அது முதுகுப் பக்கத்தை மூடாது. உள்ளே நீர்புகாப் பை ஒன்றும் வேண்டும். குளிரில் நின்ற லென்ஸை நேரே தேத்தண்ணிக் கடைக்குள் கொண்டுபோனால் வெதுவெதுப்பான காற்றின் ஈரம் கண்ணாடியில் படியும். பையைத் திறக்காமல் ஒரு மணிநேரம் அப்படியே விடுங்கள்.