எரிந்த சவன்னா: செய்மதி வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்?

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் புறக்கோட்டை நாட்டு மருந்துக் கடைகளில் சேர்த்தே வாங்குகிறோம். இந்த மூன்று மரங்களும் புல்லுக்கு நடுவே சேர்ந்து நிற்பதைப் பார்க்க ஊவாவின் நில்கலச் சவன்னாவுக்குப் போக வேண்டும். மழையில்லாத, கச்சான் காற்று வீசும் மாதங்களில் அங்கே புல்லுக்குத் தீ வைக்கிறார்கள். எவ்வளவு எரிந்தது என்று கொழும்பில் இருந்தபடியே செய்மதி வரைபடத்தில் பார்க்கலாம். சரி, அந்த வரைபடம் எவ்வளவு சரி?

புல்லும் இலையும் அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். கரி அதை விழுங்கிவிடும். இந்த வீழ்ச்சியை வைத்தே செய்மதி எரிந்த நிலத்தை அடையாளம் காண்கிறது. ஆனால் சவன்னாவில் கரி நிலைப்பதில்லை. காற்று அள்ளிப்போகும், சில வாரங்களில் புதுப்புல் முளைத்துவிடும். அந்த நாட்களில் முகில் மூடியிருந்தால் தீ பதிவாகாமலே போகும். மறுபக்கம், மலை நிழலும் உழுத ஈரமண்ணும் கரிபோலத் தோன்றி ஏமாற்றும்.

ஆகவே வரைபடத்தைச் சோதிக்க, அதைவிடத் துல்லியமான படம் வேண்டும். தீக்கு முன் ஒன்று, பின் ஒன்று என லேண்ட்சாட் செய்மதியின் படங்களை (ஒரு கட்டம் 30 மீட்டர்) எடுத்து, எரிந்த இடங்களைக் கவனமாக வரைந்து, அதைச் சோதிக்க வேண்டிய வரைபடத்துடன் ஒப்பிடுவார்கள். தீ பிடித்த இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் சோதனையே பிழைத்துவிடும். மாதிரி இடங்களைக் குலுக்கல் முறையில்தான் தெரிவு செய்ய வேண்டும்.

அப்புறம் கணக்கு. 1000 ஹெக்டேரில் 50 எரிந்தது என்று வைத்துக்கொள்வோம். வரைபடம் 40 என்கிறது. அதில் 30தான் உண்மை. எரிந்ததில் 20 விடுபட்டது, அதாவது 40 சதவீதம். எரிந்ததாகக் காட்டியதில் 10 பொய், அதாவது 25 சதவீதம். ஆனாலும் மொத்தத் துல்லியம் 97 சதவீதம்! எரியாத நிலம் மிக அதிகம் என்பதால் வந்த மதிப்பெண் அது. ஒன்றுமே எரியவில்லை என்று வெறுமையாக விட்ட வரைபடம்கூட இங்கே 95 வாங்கிவிடும். அதனால் 'மொத்தத் துல்லியம்' என்ற ஒற்றை எண்ணை மட்டும் தரும் அறிக்கையை நான் நம்புவதில்லை. விடுபட்டது எவ்வளவு, பொய்யாகச் சேர்ந்தது எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

நாசா செய்மதிகளில் உள்ள மோடிஸ் கருவியைக் கொண்டு வரையப்படும், பெரிதும் பயன்படும் வரைபடத்தை உலக அளவில் இப்படிச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். விடுபட்டது சுமார் 73 சதவீதம், பொய்யாகச் சேர்ந்தது சுமார் 40 சதவீதம். அதன் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 500 மீட்டர். அதற்குள் நாலைந்து காலிமுகத்திடலை அடக்கிவிடலாம். சின்னத் தீக்கள் அதில் கரைந்துபோகின்றன. சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவை, 2016ஆம் ஆண்டுக்காக, ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதியின் நுணுக்கமான படங்களால் அளந்தபோது, எரிந்த பரப்பு மோடிஸ் சொன்னதைவிட 80 சதவீதம் கூடுதலாக வந்தது. நில்கலவில் எரிவதும் பெரும்பாலும் புல்தான், அதன் கரி நிலைப்பதில்லை. அங்கே மோடிஸ் கட்டம் வெறுமையாக இருந்தால், தீயே இல்லை என்று முடிவுகட்டுமுன் சென்டினல் படத்தையும் திறந்து பார்க்க வேண்டும்.