சிம் இல்லாத போனும் இடம் காட்டும்

மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் என் மாமா இரவில் தோணியில் போய் வாவியில் வலை போடுபவர். கண்ணாடி வெடித்து அலுமாரியில் கிடந்த என் பழைய போனை அவரிடம் கொடுத்து, வலை போட்ட இடத்தை இதில் குறித்துவையுங்கள் என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிம்மும் இல்ல, டேட்டாவும் இல்ல. எப்படி மருமகன் இடம் காட்டும்?"

டவர்தான் இடம் சொல்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஜிபிஎஸ்ஸில் போன் யாரோடும் பேசுவதில்லை. ரேடியோப் பெட்டி போலக் கேட்கிறது, அவ்வளவுதான். 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் தாங்கள் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சொல் தலைக்கு நேர் மேலிருந்து நம்மிடம் வர ஒரு செக்கனில் பதினைந்தில் ஒரு பங்கு எடுக்கும். அந்தத் தாமதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். மூன்று செய்மதி போதும்போலத் தோன்றும். ஆனால் செய்மதியில் இருப்பது மிகத் துல்லியமான அணுக்கடிகாரம், போனில் இருப்பது மலிவான கடிகாரம். அது ஒரு மைக்ரோ செக்கன், அதாவது செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, பிசகினாலே 300 மீற்றர் தள்ளிப்போகும். அந்தப் பிசகைக் கண்டுபிடிக்கத்தான் நான்காவது செய்மதி.

சரி, டேட்டா எதற்கு? செய்மதிகளின் பாதை விபரத்தைச் சட்டென்று இறக்கிக்கொள்ள. டேட்டா இல்லாவிட்டால் அதையும் செய்மதியிடமிருந்தே கேட்க வேண்டும். அது செக்கனுக்கு 50 பிட் வேகத்தில்தான் சொல்லும். அதனால் கரையிலேயே, மரமில்லாத இடத்தில், சில நிமிடம் போனை வைத்திருக்கச் சொன்னேன். வரைபடத்தை மட்டும் வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கிவிட்டோம்.

படுவான்கரை வயலிலும் இதே போன் உதவியது. பாதையைப் பதியும் செயலியைப் போட்டு வரம்பைச் சுற்றி நடந்தால் ஏக்கர் கணக்கு கிடைக்கும். ஐந்து மீற்றர் பிசகும் கருவியை நம்பலாமா? அந்தப் பிசகில் பெரும்பங்கு காற்று மண்டலத்தால் வருவது, மெதுவாகத்தான் மாறும். வெட்டவெளியில் விரைவாகச் சுற்றி முடித்தால் நான்கு மூலையும் ஏறக்குறைய ஒரே பக்கம் நகரும். பரப்பளவு அவ்வளவாகக் கெடாது. உரமும் விதைநெல்லும் கணக்குப் பார்க்க அது தாராளம். எல்லைத் தகராறுக்கு மட்டும் நில அளவையாளரைக் கூப்பிடுங்கள்.

மாமா போனை ஃபிளைட் மோடில் போட்டார். இப்போதைய போன்கள் பெரும்பாலானவற்றில் அப்போதும் ஜிபிஎஸ் ஓடும்; டவர் தேடிப் பற்றரி கரையாது. பிறகு பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டினார். பொலித்தீனை அலை கடந்துவிடும், தகரப் பேணிக்குள் வைத்தால் போனுக்குக் காது கேட்காது. தோணியைத் தள்ளும்போது கேட்டார்: "அப்ப நீரோட்டத்தில வலை நகர்ந்தா?"

அது போனுக்குத் தெரியாது மாமா என்றேன். அது வலை விழுந்த இடத்தைத்தான் சொல்லும்.